மூவருக்கும் ஒரே சோறுதான், ஒரே பங்கா?

கொங்குப் பகுதியின் சிறு நகரம் ஒன்றிலிருந்து 44 வயதுத் தாய் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மூன்று பிள்ளைகள். பெரியவளுக்கு 21 வயது, பி.காம். முதல் வகுப்பில் முடித்துவிட்டாள், சி.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். இரண்டாவது மகளுக்கு 17. பிளஸ் டூவில் 600-க்கு 489 எடுத்திருக்கிறாள், பொறியியல் வேண்டும் என்கிறாள். கடைசியாகப் பையன், 11 வயது; ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கட்டணம் வாங்கும் பள்ளியில் படிக்கிறான். பெரியவளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஆவணியில் முகூர்த்தம் வைக்கக் கேட்கிறார்கள். 'பெரியவளை முடித்தால்தான் சின்னவளுக்கு வழி. சின்னவள் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கட்டும். வீட்டைப் பையன் பெயருக்கு எழுதிவிடலாம், பெண்களுக்குத்தான் நகை போடுகிறோமே' என்பது கணவரின் கணக்கு.

சின்னவள் இரண்டு மாதமாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. ஒரு நாள் அழுதுகொண்டே, 'அக்காவின் பழைய பாவாடையைப் போட்டுக்கொண்டுதானே நான் பள்ளிக்குப் போனேன்' என்று கேட்டிருக்கிறாள். தாய் எழுதுகிறார்: 'நான் எந்தப் பிள்ளையையும் பிரித்துப் பார்த்ததில்லை. மூவருக்கும் ஒரே சோறுதான் போட்டேன். நடுவில் பிறந்தவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று எங்கோ படித்தேன். அது உண்மையா? பெரியவளுக்கு இப்போது கல்யாணம் செய்வது தவறா? முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்தால் சின்னவளைப் பொறியியலில் சேர்த்துவிடலாமா?'

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தப் பாவாடையைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றேன். பெரியவள் வளர வளர டக் பிரித்துவிட்ட பாவாடை அது. வெளியே இருந்த துணி வெயிலிலும் சோப்பிலும் வெளிறிப்போயிருக்க, டக்குக்குள் மடிந்திருந்த பகுதி மட்டும் அடர்நீலமாக ஒரு கோடு போல நின்றது. அந்தக் கோடு தெரியாமல் இருக்கப் பையை முன்னால் பிடித்துக்கொண்டே நடந்ததாக உங்கள் மகள் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவளுக்கு இன்றும் மறக்கவில்லை. நீங்கள் அதை மறைக்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மையை நம்பித்தான் நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்தவர் இல்லை. அதை நான் நம்புகிறேன். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே அளவு கிடைத்தது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

ஒரு நாளின் சமம், ஒரு வயதின் சமம்

ஒரே நாளில் மூவருக்கும் சமமாகக் கொடுக்கும் பெற்றோர்கூட மொத்தத்தில் சமமாகக் கொடுத்திருக்க மாட்டார்கள். அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகின்றன என்ற தரவுகளை வைத்து ஜோசப் பிரைஸ் என்ற பொருளியலாளர் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே வயதில் வைத்து ஒப்பிட்டால், மூத்த பிள்ளைக்கு இரண்டாவது பிள்ளையைவிட நாளுக்கு 20 முதல் 30 நிமிடம் வரை கூடுதலாகப் பெற்றோரின் நேரம் கிடைத்திருந்தது. அந்தப் பெற்றோர் ஓரவஞ்சனை செய்தவர்கள் அல்லர். எந்த ஒரு நாளை எடுத்துப் பார்த்தாலும் பிள்ளைகளுக்குள் நேரத்தை ஏறக்குறைய சமமாகத்தான் பிரித்திருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் வளர வளர பெற்றோர் கொடுக்கும் மொத்த நேரம் குறைந்துகொண்டே போகிறது. மூத்தவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது பெற்றோரிடம் நிறைய நேரம் இருந்தது. இளையவருக்கு ஐந்து வயது வரும்போது அந்த நேரம் சுருங்கிவிட்டது. அந்தச் சுருங்கியதில்தான் அவருக்குப் பங்கு.

உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பெரியவள் நான்கு வயது வரை ஒற்றைப் பிள்ளை. அவளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தது நீங்கள். சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? 'அக்காதான் சொல்லிக்கொடுத்தாள்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அது மிகப் பெரிய வரி. மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சின்னவளை ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றினீர்கள். தம்பியை எல்.கே.ஜி.யில் சேர்த்ததும் அதே ஜூன் மாதம்தான். 'இரண்டு கட்டணம் கட்ட முடிந்தது, மூன்று முடியவில்லை' என்பது உங்கள் விளக்கம். அது நியாயமான நெருக்கடிதான். ஆனால் பத்து வயதுப் பெண் அதைப் பணநெருக்கடியாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டாள். அக்கா அதே பள்ளியில் தொடர்ந்தாள், தம்பி புதிதாகச் சேர்ந்தான், அவள் ஒருத்தி மட்டும் வெளியே வந்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இது உங்கள் குடும்பத்தின் குற்றம் மட்டும் அன்று. இந்தியக் குழந்தைகளின் உயரத்தை ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளின் குழந்தைகளோடு ஒப்பிட்டு சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நம் முதல் குழந்தைகள் அங்குள்ள முதல் குழந்தைகளைவிடக் குட்டையாக இல்லை. இரண்டாவது குழந்தையில் இடைவெளி தொடங்கி, அடுத்தடுத்த குழந்தைகளில் கூடிக்கொண்டே போகிறது. மூத்த மகன் மேல் நாம் வைக்கும் விருப்பம் இதற்கு முக்கியக் காரணம் என்பது அவர்களின் முடிவு. அண்ணன் இல்லாத வீட்டில் அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தால், 'இன்னொன்று பையனாகப் பிறக்க வேண்டும்' என்று பெற்றோர் அடுத்த பிரசவத்துக்குத் தயாராகிறார்கள். இருப்பதைப் பிடித்துப் பிடித்துச் செலவழிக்கிறார்கள். அந்தப் பிடிப்பு விழுவது அப்போது கையில் இருக்கும் பெண் குழந்தையின் மேல். உங்கள் சின்னவள் பிறந்ததும் மாமியார் மருத்துவமனைக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பையன் பிறந்ததும் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டியதையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு செய்திகளுக்கும் நடுவே ஆறு ஆண்டுகள் வளர்ந்தவள் அவள்.

'நடுவில் பிறந்தவள் அப்படித்தான்'

இல்லை சகோதரி. பிறந்த வரிசை குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்தை நூறாண்டுகளுக்கு முன் வியன்னாவின் மருத்துவர் ஆல்பிரட் அட்லர் பரவலாக்கினார். மூத்தவர் பொறுப்பானவர், கடைசிப் பிள்ளை செல்லம், நடுப்பிள்ளை முரண்டு என்ற பேச்சு அந்த வழியில் வந்து இன்றும் எல்லா இடத்திலும் உலவுகிறது. 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்தபோது, பிறந்த வரிசைக்கும் பொறுப்புணர்வு, கலகலப்பு, மன உறுதி போன்ற குணங்களுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை.

அறிவுத்திறன் தேர்வுகளில் மட்டும் மூத்தவர்களுக்கு ஒரு சிறிய முன்னிலை தெரிகிறது. அதுவும் கருவிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. நார்வேயில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட சுமார் 2.4 லட்சம் இளைஞர்களின் மதிப்பெண்களை 2007-இல் ஆராய்ந்தார்கள். மூத்தவர்களின் சராசரி, இரண்டாமவர்களைவிட இரண்டு மூன்று புள்ளிகள் கூடுதலாக இருந்தது. ஆனால் மூத்த பிள்ளை குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோய், இரண்டாவதாகப் பிறந்தவர் மூத்தவராக வளர்ந்த வீடுகளில், அந்த இரண்டாமவரின் மதிப்பெண் மூத்தவர்களின் அளவுக்கே இருந்தது. எத்தனையாவதாகப் பிறந்தார் என்பது பெரிதாக இல்லை. வீட்டில் எந்த இடத்தில் வைத்து வளர்த்தார்கள் என்பதுதான் கணக்கில் வந்தது. இரண்டு மூன்று புள்ளி என்பதும் லட்சக்கணக்கானவர்களின் சராசரி. உங்கள் மகள்கள் இருவரில் யார் கெட்டிக்காரி என்று அது சொல்லாது. அரசுப் பள்ளியில், தனிப்பயிற்சி இல்லாமல் 489 எடுத்தவளைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

எனவே அவளுடைய மௌனத்தை அவள் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் ஒரு கணக்குக் கேட்கிறாள். பதில் வரும்வரை அந்த மௌனம் இருக்கும். முதலில் நீங்கள் அவளோடு தனியாக உட்கார்ந்து, 'ஆறாம் வகுப்பில் உன்னை மட்டும் மாற்றினோம். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எங்கள் தவறு' என்று சொல்லுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம்; அவளுக்கு எல்லாக் காரணமும் தெரியும். அந்த வாக்கியத்தை மட்டும்தான் அவள் இதுவரை கேட்டதில்லை. இரண்டு மாதமாகப் பேசாமல் இருப்பவள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, வாழ்வதே வேண்டாம் என்பதுபோல ஏதாவது சொன்னாலோ, காத்திருக்காமல் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெரியவள் நகர்ந்தால்தான் வழியா?

இந்த இடத்தில்தான் உங்கள் மூத்த மகளைப் பற்றி எனக்குக் கவலை. குழந்தைப் பருவத்தில் மூத்தவளாகப் பிறந்ததால் அவளுக்கு நேரமும் நல்ல பள்ளியும் கிடைத்தன. இப்போது, அதே மூத்தவள் என்ற காரணத்துக்காகவே, அவளுடைய படிப்பு நிற்கப்போகிறது. தெற்காசியக் குடும்பங்களைப் பற்றி டாம் வோகல் என்ற பொருளியலாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. தம்பி இருக்கும் பெண்ணைவிடத் தங்கை இருக்கும் பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணமாகிறது, படிப்பும் சீக்கிரம் நிற்கிறது. அடுத்தவளுக்குக் காலம் வேண்டுமே என்ற அவசரத்தில், மாப்பிள்ளை விஷயத்திலும் பெற்றோர் இறங்கி வருகிறார்கள்.

உங்கள் கடிதத்திலேயே அந்த இறக்கம் தெரிகிறது. 'மாப்பிள்ளை நம் பெண்ணைவிடக் குறைவாகத்தான் படித்திருக்கிறார், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்கள், ஆனாலும் நல்ல இடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே மகளாக இருந்திருந்தால் இந்த வரனுக்குச் சரி சொல்லியிருப்பீர்களா? இந்த ஒரு கேள்வியை உங்கள் கணவரிடம் அமைதியான நேரம் பார்த்துக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பிளஸ் ஒன் படிக்கும்போதிலிருந்து தினமும் இரவு கடைக் கணக்கை எழுதுவது பெரியவள்தான். ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்வதும் அவள்தான். பத்து வயதில், உங்களுக்குச் சிசேரியன் ஆனபோது ஒரு மாதம் பள்ளிக்குப் போகாமல் தம்பியைத் தூக்கி வைத்திருந்தவளும் அவள்தான். 'அவளுக்கு இயல்பிலேயே பொறுப்பு அதிகம்' என்கிறீர்கள். பொறுப்பு அவளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவள் அதை மறுக்கவில்லை. வீடு அவளுக்காகச் செலவழித்ததை மட்டும் எழுதிவைத்து, அவள் வீட்டுக்குச் செய்ததை எழுதாமல் விட்டால் அந்தக் கணக்கு நேராகாது. உங்கள் கணவர் கடைக்காரர், பேரேடு அவருக்குப் புரியும். ஒரு நோட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கி, ஐந்து வயதில், பத்து வயதில், பதினைந்து வயதில் என்ன பள்ளி, என்ன கட்டணம், யார் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தது, வீட்டில் என்ன வேலை செய்தார்கள் என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.

சி.ஏ. படிப்புக்குக் கல்லூரியைப் போல ஆண்டுதோறும் பெரிய கட்டணம் கிடையாது. பதிவு, தேர்வு, பயிற்சி வகுப்பு ஆகியவைதான் செலவு. பி.காம். படிப்பில் 55 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்கள் முதல் கட்டத் தேர்வை எழுதாமல் நேராக இன்டர்மீடியட் நிலையில் பதிவு செய்யலாம். அதைத் தேறியபின் வரும் இரண்டு ஆண்டுப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. கடினமான தேர்வுதான், பலமுறை எழுத நேரலாம் என்பதை அவளும் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் நகைக்கு ஒதுக்கியதில் சிறு பகுதிகூட இதற்கு ஆகாது. நகை எங்கும் ஓடிவிடப் போவதில்லை. அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனால் தங்கையின் வழி அடைபடும் என்ற பயத்துக்கும் இப்போது இடமில்லை. சின்னவளுக்கு 17 வயது. அவள் நான்கு ஆண்டு படிக்கப்போகிறாள்.

முதல் பட்டதாரிச் சலுகையும் அரசுப் பள்ளி ஒதுக்கீடும்

இதில் உடனடியாக ஒரு திருத்தம். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் முதலில் பட்டம் பெறுபவருக்கு உரியது. அக்கா பட்டம் வாங்கிவிட்டதால் சின்னவளுக்கு அது கிடைக்காது. அதை நம்பிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

ஆனால் மனம் தளராதீர்கள். அவளுக்கு வேறு உரிமை இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு 2021-இல் கொண்டுவந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். இது தவிர, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வரும். பக்கத்துக் கல்லூரி பி.எஸ்சி.தான் கட்டுப்படியாகும் என்ற உங்கள் கணவரின் கணக்கு இந்த இடத்தில் தப்பாகிறது. பொறியியல் அதைவிடக் குறைவான செலவில் முடியக்கூடும். ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தில் அந்த ஒதுக்கீட்டைக் குறிப்பிட மறந்துவிடக் கூடாது. கடைசித் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த ஆண்டு விதிகளில் ஏதேனும் மாற்றம் உண்டா என்பதையும் பள்ளியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு யாருக்கு?

நான் வழக்கறிஞர் அல்ல. பத்திரம் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அடிப்படை இதுதான். கடை வருமானத்தில் உங்கள் கணவர் தாமே வாங்கிய வீடு என்றால், அவர் விரும்பியவருக்கு எழுதும் உரிமை அவருக்கு உண்டு. எழுதாமல் விட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்களும் மூன்று பிள்ளைகளும், உங்கள் மாமியார் அப்போது இருந்தால் அவரும், சம பங்குதாரர்கள். பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகள்களுக்கும் மகனுக்கு நிகரான பங்கு பிறப்பிலேயே உண்டு. தமிழ்நாடு 1989-இலேயே இதற்குச் சட்டம் செய்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 'நகை போட்டாகிவிட்டது, அதனால் பங்கு இல்லை' என்பது ஊர்ப் பேச்சு. சட்டத்தில் அப்படி இல்லை.

பையன் பெயருக்கு எழுதினால் முதுமையில் அவன் பார்த்துக்கொள்வான் என்கிறார் உங்கள் கணவர். பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கும் சேர்த்தே வைத்திருக்கிறது. 11 வயதுப் பையன் தலையில் வீட்டையும் உங்கள் முதுமையையும் இப்போதே ஏற்றிவைப்பது அவனுக்குச் செய்யும் நன்மையும் அல்ல. கூடவே ஓர் எச்சரிக்கை: உயிலை உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; வாழும்போதே சொத்தை எழுதிக்கொடுத்துப் பதிவு செய்த செட்டில்மென்ட் பத்திரத்தை அப்படி எளிதில் திரும்பப் பெற முடியாது. எனவே அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இவ்வளவையும் படித்துவிட்டுப் பையனை நாளையே பள்ளி மாற்றிவிடாதீர்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் சின்னவளுக்கு நேர்ந்ததை அவனுக்கும் செய்ததாகிவிடும். அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டும் முன் அவனையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள். கடைக் கணக்கில் அக்காவுக்கு உதவ, அரிசி மூட்டைகளை எண்ணிச் சொல்ல 11 வயது போதும்.

மாப்பிள்ளை வீட்டார் ஆடி பிறப்பதற்குள் பதில் கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரனைப் பற்றி பெரியவள் என்ன சொல்கிறாள் என்று நான்கு பக்கக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்று இரவு அவள் கணக்கு எழுதி முடித்ததும், தங்கையையோ தம்பியையோ பேச்சில் இழுக்காமல், அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்றாலோ, படிப்பு முடியட்டும் என்றாலோ, மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தப் பதிலை மறுநாளே மரியாதையாகத் தெரிவித்துவிடுங்கள்.